கிற்றாரும் கூலியும்

கல்முனையிலிருந்து கரையோரப் பெருந்தெருவில் தெற்கே செல்பவர் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் ஊர்களைக் கடந்து தம்பிலுவில், திருக்கோவிலை அடைவார். அங்கே கடலை முதுகுக்குப் பின்னே விட்டு உள்ளே திரும்பினால் வயல்வெளிகளின் நடுவே சாகாமம் இருக்கிறது. குளமும் வயலுமே அதன் செல்வம். அவ்வூரில் ஆசிரியர் ஒருவரின் வீட்டுப் பின்னறையில், நெல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு மடிக்கணினியையும் ஒரு சிறு பெட்டியையும் வைத்துக்கொண்டு, சில ஆண்டுகளாக நாங்கள் மூவர் பாட்டுக்களைப் பதிவு செய்து வருகிறோம். மூவரும் ஆசிரியர்கள். இசை எங்கள் தொழிலன்று. ஓய்வு நாட்களின் வேலை.

"கிற்றாரைப் பற்றியா எழுதப் போகிறீர்கள்? நெல்லுக்கு நியாயமான விலை கேட்டு விவசாயி அலைகிறான். தோணி வாங்கிய கடனில் மீனவன் மூழ்கிக் கிடக்கிறான். மின்கிற்றாருக்கு இப்போது என்ன அவசரம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆயினும் எங்கள் பின்னறையில் நடந்த ஒரு வழக்கு, நெல்லின் வழக்கிலிருந்து வெகுதூரம் விலகியதன்று என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறோம். உழைத்தவன் கை ஓரிடத்திலும் அவன் உழைப்பின் பயன் வேறிடத்திலும் போய்ச் சேர்வது பழைய கதை. கருவி மாத்திரமே புதிது.

முதலில் கிற்றார் எங்கள் மண்ணுக்கு அந்நியமானது என்ற எண்ணத்தைச் சற்று ஒதுக்கிவைப்போம். வடக்கே மட்டக்களப்பில் வாழும் பறங்கியர், போர்த்துக்கேயர் இத்தீவை விட்டுப் போய் மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும், போர்த்துக்கேயம் கலந்த தங்கள் மொழியிலே பாடுகிறார்கள். தெருவிலே தமிழும் பேசுகிறார்கள். அவர்களுடைய கலியாண வீட்டில் வயலினும் ரபானும் கிற்றாரும் சேர்ந்து ஒலிக்கும். 2004 ஆம் ஆண்டு மார்கழிக் கடல் அவர்கள் வாழ்ந்த டச்பார் கரையையும் விடவில்லை. அவர்களுடைய கபிரிஞ்ஞாவிலும் பைலாவிலும் கிளைத்த தாளமே, 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் நாடெங்கும் கொண்டுபோன தமிழ்ப் பொப்பிசைப் பாட்டுக்களுக்கு அடித்தளம். அக்காலத்தில் பாடசாலைக் கலைவிழாவில் ஒரு கிற்றார் மேடையேறினால் மாணவர் கூட்டம் எழுந்து நின்றதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

முஸ்லிம் ஊர்களின் நிலை சற்று வேறு. ரபானும் பக்கீர் பாவாக்களின் தாயிராவும் அங்கு வீட்டுப் பொருள்கள். தந்தி வாத்தியங்களைப் பற்றியோ மார்க்க அறிஞரிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அந்த வழக்கைத் தீர்க்க நாங்கள் ஆளல்லர். எங்கள் கிற்றார்காரர் அக்கரைப்பற்றுக்காரர். இளமையில் கிற்றாரை நெல்மூட்டைச் சாக்கினுள் ஒளித்து வைத்தே பழகினாராம். வாப்பாவுக்குத் தெரியும், தெரியாதது போலவே இருந்துவிட்டார். பகலில் அரிசி ஆலையிலே வேலை, மாலையில் கலியாண மேடை என்பது அவருடைய வாழ்க்கை. எங்களைவிட மூத்தவர் ஆதலின் நாங்கள் அவரைக் காக்கா என்போம். எங்களையோ அவர், வயதிற் சிறியவர்கள் என்று பாராமல், சேர் என்றே அழைப்பார். எத்தனையோ முறை சொல்லியும் அவர் அதை விடவில்லை.

இனி, பதிவு செய்யும் முறையைச் சொல்லவேண்டும். அது விளங்காவிட்டால் வழக்கும் விளங்காது.

மின்கிற்றாரின் தந்திகள் உருக்கினால் ஆனவை. அவற்றின் கீழே காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுக்களாக மெல்லிய செப்புக் கம்பியும் உண்டு. தந்தி அதிரக் காந்தப்புலம் அசைகிறது. கம்பியிலே மின்னழுத்தம் பிறக்கிறது. மிகச் சிறிய அழுத்தம்; ஒரு வோல்ற்றின் பத்திலொரு பங்கு அளவில்தான் பெரும்பாலும் இருக்கும். இதைக் கேட்கத்தக்க ஒலியாக்குவது அம்பிளிபயர். ஆனால் அம்பிளிபயர் பெருக்குவதோடு நின்றுவிடுவதில்லை. அதன் வால்வுகளை எல்லை மீறி உழைக்கச் செய்தால் ஒலி நொறுங்கிக் கரகரக்கும். ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பு மேற்சுரங்களை அடக்கும். உலகம் 'கிற்றாரின் சத்தம்' என்று அறிந்திருப்பதிற் பாதிக்கு மேல் அம்பிளிபயரின் சத்தமே. ஆகவே பழைய முறைப்படி அம்பிளிபயரின் முன்னே மைக்கை நிறுத்திப் பதிவு செய்தால், கையும் சத்தமும் பிரிக்க முடியாதபடி ஒன்றாய்ப் பதிந்துவிடும். நாளைக்கு அந்தக் கரகரப்பு வேண்டாம் என்று தோன்றினால், மறுபடி வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மருதமுனையில் நெசவு பார்த்தவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். கட்டம்போட்ட சாரம் நெய்வதற்கு நூலுக்கு முதலிலேயே சாயம் தோய்த்துவிடுவார்கள். நெய்து முடிந்த பின் சிவப்புக் கட்டத்தைப் பச்சையாக்க முடியாது. சாயமிடாத வெள்ளைத் துணியை நெய்து வைத்தாலோ, எந்தச் சாயத்தை எப்போது தோய்ப்பது என்ற முடிவு நெய்தவன் கையிலோ, துணியை வாங்கியவன் கையிலோ இருக்கும். இந்த 'கையிலோ, கையிலோ' என்பதில்தான் எங்கள் வழக்கு முழுதும் அடங்கியிருக்கிறது.

கிற்றாரிலிருந்து வரும் அந்தச் சிறு மின்னழுத்தத்தை, அம்பிளிபயருக்குள் விடாமல், நேரே கணினிக்குள் விட்டுப் பதிவதே வெள்ளைத் துணி நெய்வது. பதிவுக்காரர் இதனை 'ட்ரை' என்பர். ஈரம் ஏறாத, உலர்ந்த பதிவு. கேட்பதற்கு மெலிந்து, ஆணியைத் தட்டுவதுபோல் இருக்கும். ஆனால் விரலின் ஒவ்வோர் அசைவும் அதில் உண்டு. இதற்குச் சாதாரண மைக் துவாரம் உதவாது. கிற்றாரின் மெலிந்த மின்னோட்டத்தை அது உறிஞ்சி மேற்சுரங்களை மழுக்கிவிடும். பத்து இலட்சம் ஓம் அளவு தடையுள்ள உள்வாயில் வேண்டும். செக்கனுக்கு 48,000 மாதிரிகள், மாதிரி ஒன்றுக்கு 24 பிற்று என்ற கணக்கில் பதிந்தால் ஒரு நிமிடத்துக்கு எட்டரை மெகாபைற்றுக்குச் சற்றே மேலாகும். நான்கு நிமிடப் பாட்டுக்கு முப்பத்தைந்து. ஒரு மனிதன் முப்பது வருடம் பழகிய கை, சட்டைப் பையில் போடும் பென்டிரைவின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடுகிறது.

பதிந்த உலர்ந்த ஒலியைப் பின்பு மீண்டும் அம்பிளிபயருக்குள் விட்டு, அது தரும் சத்தத்தைப் பதிவதை 'றீ-அம்ப்' பண்ணுவது என்பார்கள். கணினியிலிருந்து வரும் ஒலி வலுவானது. கிற்றார் தரும் ஒலி நலிவானது. வலுவானதை நலிவாக்கி, கிற்றாரே நேரில் வந்ததென்று அம்பிளிபயரை நம்பவைக்க ஒரு சிறு பெட்டி வேண்டும். ஜோன் குனிபெர்ற்றி என்ற அமெரிக்க ஒலிப்பதிவாளர் 1990களில் அப்பெட்டியைச் செய்து விற்றார். எங்களிடம் அந்தப் பெட்டியும் இல்லை, வால்வு அம்பிளிபயரும் இல்லை. இருப்பது ஒரு மொடலர்; அம்பிளிபயர்களின் நடத்தையைக் கணிதமாக்கி வைத்திருக்கும் பெட்டி. யூஎஸ்பி கம்பி ஒன்றின் வழியே உலர்ந்த ஒலி அதனுள்ளே போய், தோய்த்த துணியாகக் கணினிக்குத் திரும்பும். ரீப்பர் போன்ற மலிவான மென்பொருளோ, இலவசமான ஆர்டரோ இதற்குப் போதும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் அறைக்குச் சற்று அப்பால் நெல் குற்றும் ஆலை ஒன்று உண்டு. அதன் மோட்டார் ஓடும்போது கிற்றாரின் செப்புச் சுருள் அதையும் சேர்த்துக் கேட்கும். செக்கனுக்கு ஐம்பது சுற்று ஓடும் மின்சாரத்தின் முனகல் ஒவ்வொரு சுரத்தின் அடியிலும் கிடக்கும். இரு சுருள்களை எதிரெதிராய் இணைத்து இம்முனகலை நீக்கும் வழியைக் கிப்சன் கம்பனியின் சேத் லவர் 1955 இல் கண்டார். காக்காவின் கிற்றார் ஒற்றைச் சுருள் கிற்றார். 2022 ஆம் ஆண்டு பங்குனி முடிவில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. அந்த இருண்ட இரவுகளில், மடிக்கணினியின் பற்றரியில் மிஞ்சியிருந்த இரண்டு மணி நேரத்தில், காக்காவை வாசிக்கச் சொன்னோம். எங்களிடமுள்ள பதிவுகளில் அவைதான் மிகத் தூய்மையானவை! ஆலை நின்றது, விளக்கு நின்றது, கம்பங்களில் ஓடும் மின்சாரம் நின்றது. ஊரே முனகலை நிறுத்தியது. நாட்டைச் சீரழித்தவர்களுக்கு இதற்காக நன்றி சொல்ல நாங்கள் ஆயத்தமாயில்லை. ஆனால் உலர்ந்த பதிவு என்ற முறை இல்லாதிருந்தால் அந்த இரவுகள் வீணாகியே இருக்கும். அன்று கையை மட்டும் பதிந்தோம்; மின்சாரம் வந்த நாளில் சத்தத்தைத் தேடினோம். டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதுக்குத் தாவிய அந்த வருடத்தில் புதிய கருவி வாங்குவதை நினைத்தும் பார்க்க முடியாது. இல்லாதவனுக்குக் காலத்தை ஒத்திப்போடும் வசதி எவ்வளவு பெரிது என்பதை அப்போது கண்டோம்.

கையும் சத்தமும் வேறு வேறு என்று இதுவரை எழுதினோம். பதிவு செய்யச் செய்ய அப்பிரிவினை முழு உண்மையன்று என்பதும் தெரிந்தது. உலர்ந்த ஒலியை மட்டும் காதிலே கொடுத்து வாசிக்கச் சொன்னால் காக்காவின் கை குழம்புகிறது. கரகரத்து நீண்டு நிற்கும் சத்தம் காதில் விழுந்தால், ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு அது தானாய் வாடும்வரை காத்திருப்பார். தெளிந்த சத்தம் விழுந்தால் சுரம் சீக்கிரம் செத்துவிடும். ஆகவே இடைவெளியை நிரப்பச் சிறுசிறு தட்டல்களைப் போடுவார். காது கேட்பதற்கு ஏற்பக் கை தன்னை மாற்றிக்கொள்கிறது. சத்தம் காதுக்கு வரச் சற்றுத் தாமதித்தாலும் கை தடுமாறும். ஒலி காற்றிலே ஒரு மீற்றர் செல்ல மூன்று மில்லி செக்கன் ஆகும். நாலைந்து மீற்றர் தள்ளி நிற்கும் அம்பிளிபயரைக் கேட்டு மேடையில் வாசித்துப் பழகியவருக்கு அவ்வளவு தாமதம் உறைக்காது. கணினி அதற்கு மேல் தாமதித்தால், "கை சேத்துக்க நடக்கிற மாதிரிக் கிடக்கு சேர்" என்பார். ஆதலால் வாசிக்கும்போது மொடலரின் சத்தத்தை நேரே காதுக்குக் கொடுத்து, உலர்ந்த ஒலியைத் தனியே பதிகிறோம். வெள்ளைத் துணி என்று நாம் சொல்வதிலேயே, நெய்தவன் மனத்திலே கண்ட நிறம் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கிறது. பின்னர் வேறு சாயம் தோய்ப்பவன் இதை அறியாமல் தோய்த்தால் துணி காட்டிக்கொடுத்துவிடும்.

காட்டிக்கொடுத்தது. அந்தக் கதை இது.

சில வருடங்களுக்கு முன் நகரம் ஒன்றிலுள்ள பதிவுக் கலையகம் ஒன்று காக்காவை அழைத்தது. ஊரையும் கலையகத்தையும் சொல்லப்போவதில்லை; அப்படி எத்தனையோ உண்டு. ஒரு பாட்டுக்கு என்று பேசி இரண்டு நாள் வாசிக்க வைத்தார்கள். ஆலையில் அவர் விட்டுவந்த இரண்டு நாட் சம்பளத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தார்கள். அவருக்கும் மகிழ்ச்சிதான். பாட்டு வெளிவந்தது, பெயர் போடவில்லை. அதையும் அவர் பொருட்படுத்தவில்லை. ஏறத்தாழ ஒரு வருடத்துக்குப் பின்பு, கலியாண வீடொன்றில் ஒலித்த வேறொரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தவர் சாப்பாட்டுச் சஹனிலிருந்து கையை எடுத்துவிட்டார். அடியெடுப்புக்கு ஒரு மயிரிழை முன்னே நான்காவது தந்தியில் கீழிருந்து வழுக்கி ஏறும் பழக்கம் அவருக்குண்டு. அந்த வழுக்கல் அந்தப் பாட்டிலே கேட்டது. சத்தம் வேறு, கரகரவென்று பெரிய மேடைச் சத்தம். ஆனால் இடையிலே நிரம்பிக் கிடந்தவை தெளிந்த சத்தத்துக்காக அவர் போட்ட சிறு தட்டல்கள். பெரிய சத்தத்தைக் கேட்டு வாசித்தவன் அவற்றைப் போட்டிருக்க மாட்டான். பின்னர் ஒரு கடை விளம்பரத்திலும் அதே கை அகப்பட்டது.

போய்க் கேட்டோம். கலையகக்காரர் கோபக்காரர் அல்லர். தேநீர் தந்து அமைதியாகவே பேசினார். "அந்தச் சத்தம் எங்கட பெட்டியில செஞ்ச சத்தம். அவர் தந்தது வெறும் லைன். அதில சத்தமே இல்லையே. சம்பளமும் குடுத்தாச்சு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பதே விஷயத்தின் கடுமை. அவருடைய கணக்கில் சத்தம் என்பது பெட்டியின் வேலை, பெட்டி அவருடையது. கை தந்தது கச்சாப்பொருள். மேசை செய்தவன் மரத்துக்கு நன்றி சொல்வானா?

கையின் உழைப்பை அதன் பயனிலிருந்து பிரித்துவிடும் இந்தக் கணக்கை வாசகர்கள் வேறிடங்களிற் கண்டிருப்பார்கள். உயிருள்ள உழைப்பு, உறைந்த உழைப்பு என்று மார்க்ஸ் 'மூலதனம்' நூலிலே பிரித்துப் பேசினார். 1867 இல் அவர் கண்ணெதிரே இருந்தவை நூற்பாலைகள். இங்கே உறைந்து கிடப்பது முப்பத்தைந்து மெகாபைற்று கிற்றார். பாட்டு ஒன்றுக்கென்று விற்ற இரண்டு நாள், இரண்டு பாட்டுக்கும் ஒரு கடைக்கும் உழைத்துவிட்டது. இன்னும் எத்தனைக்கு உழைக்கும் என்பதை அந்தக் கோப்பை வைத்திருப்பவர்தான் அறிவார். பழைய முறைப் பதிவாயிருந்தால் இது இவ்வளவு எளிதன்று. சத்தத்தோடு ஒட்டிப் பதிந்த வாசிப்பை வேறு பாட்டில் வைத்தால் எவருக்கும் உடனே தெரிந்துவிடும். இருளிலே எங்களுக்குக் கைகொடுத்த அதே முறைதான் காக்காவின் கையைக் களவாடவும் கைகொடுத்தது.

பெயரில்லாத கைகளின் வரிசை நீண்டது. 1982 இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டிலுள்ள கிற்றாரை அறியாத தமிழர் அபூர்வம்; அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்று அறிந்தவர் அதைவிட அபூர்வம். திரைப்பட வாத்தியக்காரர் பல்லாண்டுகள் நாட்கணக்கிற் கூலி வாங்கிக்கொண்டு பெயரின்றியே போயினர். ஏ. ஆர். ரகுமான் தம் பாட்டுக்களின் உறைகளிலே வாத்தியக்காரரின் பெயர்களை அச்சிடும் வழக்கத்தைப் பரவலாக்கினார். அவரும் 1989 இல் தம் வீட்டுப் பின்புறத்திலே கட்டிய சிறு கலையகத்திலிருந்து கிளம்பியவர்தாம் என்பதைப் பின்னறைக்காரர்களாகிய நாங்கள் சிறிது பெருமையோடு நினைத்துக்கொள்வதுண்டு. உறையிலே பெயர் போடுவது நல்லது. ஆனால் உலர்ந்த கோப்பு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அது விடையாகாது.

சட்டம் இல்லாமலில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இந்நாட்டிலே நிகழ்த்துநருக்கும் உரிமை உண்டென்று கூறுகிறது. ஆலைத் தொழிலாளி ஒருவன் அதைக் கையிலேந்தி வழக்காடுவதற்கு எத்தனை நாட் சம்பளத்தை இழக்கவேண்டும் என்று சட்டம் கூறவில்லை. எழுத்திலே ஒப்பந்தம் இல்லை, வாய்ப்பேச்சுக்குச் சாட்சியில்லை. பழைய காலத்து முல்லைக்காரனுக்கும் போடியாருக்கும் இடையே இருந்த பேச்சை இங்கே நினைக்கிறோம். அது நீதியான உறவென்று நாங்கள் சொல்லவில்லை. போடியாரின் பட்டறை நிறைந்தபோது முல்லைக்காரன் வீட்டில் பானை நிறைந்ததில்லை. ஆனால் களத்திலே சூடு மிதித்து நெல் குவிந்தபோது, எவ்வளவு குவிந்தது என்பது இருவர் கண்ணுக்கும் தெரிந்தது. பங்கு குறைந்தால் குறைந்ததென்று ஊரறியச் சொல்லலாம். கலையகத்துக் கணினியிலே களம் இல்லை. எவ்வளவு விளைந்தது என்பதை விளைவித்தவன் காணும் இடமே இல்லை.

கருவிகளை மட்டும் குறைசொல்லி முடிப்பது எங்கள் நோக்கமன்று. அவற்றின் வரலாற்றைப் பார்த்தால் வேடிக்கையாயிருக்கும். 1962 இல் இலண்டனிலே ஜிம் மார்ஷல் விற்கத் தொடங்கிய புகழ்பெற்ற அம்பிளிபயர், அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பனியின் பாஸ்மன் அம்பிளிபயரைப் பார்த்துச் செய்தது. 1990களில் லைன் 6 கம்பனி அந்த இரண்டையும் இன்னும் பலவற்றையும் கணிதமாக்கிப் பெட்டிக்குள் அடைத்தது. 2011 இல் ஜெர்மனியின் கெம்பர், எந்த அம்பிளிபயரையும் உள்ளே ஒலி அனுப்பிப் படியெடுக்கும் பெட்டியைக் கொண்டுவந்தது. அண்மையில் ஸ்டீவன் அற்கின்சன் என்பவர் 'நியூரல் அம்ப் மொடலர்' என்ற மென்பொருளை எழுதி, மூல எழுத்தோடு எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டார். படியெடுத்தவனைப் படியெடுத்தவனைப் படியெடுத்து வந்த இந்த ஊர்வலத்தின் கடைசியிலே, ஒருவர் கதவைத் திறந்து விட்டிருக்கிறார்.

அந்தத் திறந்த கதவாலே நாங்களும் புகுந்தோம். மொடலரிலுள்ள சத்தங்களின் பட்டியலைப் பாருங்கள். கலிபோர்னியாவும் இலண்டனுமே நிறைந்திருக்கும். எங்கள் கரையின் சத்தம் எது? திருவிழாவிலும் கந்தூரியிலும் தென்னை மரத்திலே கட்டும் கூம்பு லவுட்ஸ்பீக்கரின் சத்தம் அல்லவா? ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையொன்றில் ஒரு பழைய அம்பிளிபயரையும் கூம்பையும் இரவல் வாங்கினோம். குளக்கட்டுக்கு அப்பால், வீடுகள் இல்லாத இடத்தில், மென்பொருளோடு வரும் சோதனை ஒலியை அதற்குள் விட்டு, முன்னே மைக் வைத்துப் பதிந்து, கணினிக்குப் படிக்கக் கொடுத்தோம். வயலிலே நின்ற கொக்குகள் எழுந்து போய்விட்டன. பின்னர் காக்காவின் உலர்ந்த கிற்றாரை அச்சத்தத்திலே தோய்த்தோம். மூக்கால் பேசுவது போன்ற, அடித்தளமில்லாத, தகரத்துச் சத்தம். நாகரிகக் காதுக்கு அது பிழையான சத்தந்தான். காக்கா கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே, "இது நம்மட சத்தம் சேர். மாமாட கலியாணத்தில கேட்டது" என்றார்.

ரொறன்ரோவிலே எங்களில் ஒருவரின் உறவினர் இருக்கிறார். போர்க்காலத்திலே ஊரை விட்டுப் போனவர். அவரிடம் உண்மையான வால்வு அம்பிளிபயர் உண்டு. காக்காவின் சம்மதத்தோடு உலர்ந்த கோப்பை அவருக்கு அனுப்பினோம். தமது நிலவறையிலே அம்பிளிபயருக்குள் விட்டுப் பதிந்து திருப்பி அனுப்பினார். அழகான, தடித்த, சூடான சத்தம். காக்கா இரண்டு முறை கேட்டார். "என்ட கைதான். ஆனா வேற ஊட்டுக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். அந்த உறவினரோ, சாகாமத்துக் கை தம் நிலவறையில் அரைமணி நேரம் வாசித்ததாகவும், தாம் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்ததாகவும் எழுதியிருந்தார். அம்முறை கோப்பு கடல் கடந்து போனது காக்காவுக்குத் தெரியும்; யாரிடம் போனது, எதற்குப் போனது என்பதும் தெரியும். கலையகத்துக் கோப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அவ்வளவே.

கலையகத்தோடு நடந்த பேச்சுக்குப் பின் எங்கள் பின்னறையிலே ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். யார் வாசித்தாலும் உலர்ந்த கோப்பின் பிரதி ஒன்று அன்றே அவர் கையிற் போகும். பாடசாலைக் கொப்பி ஒன்றிலே திகதி, வாசித்தவர் பெயர், எந்தப் பாட்டுக்கு, எந்தச் சுருதி, வாசிக்கும்போது காதிலே கேட்ட சத்தம் எது, பின்னர் தோய்த்த சத்தம் எது என்று எழுதி, வாசித்தவர் கையொப்பமிடுவார். வேறு பாட்டுக்கு எடுப்பதாயின் அவரைக் கேட்கவேண்டும். பணம் வந்தால் பங்கு உண்டு. இதுவரை பங்கு போடும் அளவுக்குப் பணம் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

இவ்வொழுங்கைப் பற்றி எங்கள் மூவருக்குள்ளேயே வாதம் முடியவில்லை. எங்களில் இளையவர் கேட்கிறார்: "மென்பொருளை ஒருவர் இலவசமாகக் கொடுத்ததைப் புகழ்கிறோம். கலை மக்களுடையது என்கிறோம். பின்பு கிற்றார் வரிக்கு மட்டும் வேலி போடலாமா? நாட்டார் கவி பாடிய பெண்கள் கையொப்பமா கேட்டார்கள்?" கேள்வி கூர்மையானது. மூத்தவரின் மறுமொழி இது: மென்பொருளை எழுதியவர் தாமே விரும்பிக் கொடுத்தார், கொடுப்பதற்கு அவரிடம் அது இருந்தது. காக்காவிடம் யாரும் கேட்கவில்லை. கொடுக்கும் உரிமை உள்ளவன் கொடுத்தால் அது கொடை. கேளாமல் எடுத்தால் அதற்குக் கொடை என்று பெயரிடலாமா? இளையவர் இதனை ஒப்புக்கொள்கிறார். ஆனால் கையொப்பமும் கணக்கும் பெருகினால் பின்னறைகளும் சிறு கலையகங்களாகிவிடும் என்று அஞ்சுகிறார். அந்த அச்சத்தை எங்களால் தள்ளிவிட முடியவில்லை. அண்மைக் காலமாக, மனிதர் வாசித்த ஒலிகளைக் கணினிக்கு ஊட்டி, வாசிப்பவனே இல்லாமல் வாசிப்பை உண்டாக்கும் வேலையும் நடக்கிறது. அதற்கு ஏற்ற தீனி சத்தம் கலவாத உலர்ந்த கோப்பாகத்தான் இருக்கும் என்று சொல்லி, மூத்தவர் கொப்பியை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார்.

காக்கா இந்த வாதத்திலே கலந்துகொள்வதில்லை. இப்போது பெரும்போக வெட்டுக்காலம். ஆலை இரவும் ஓடுகிறது. சென்ற மாதம் பதிந்த பாட்டொன்றுக்கு இரண்டு சத்தங்கள் தோய்த்து வைத்திருக்கிறோம். ஒன்று ரொறன்ரோச் சத்தம். மற்றது கூம்புச் சத்தம். இரண்டையும் அவருடைய கைபேசிக்கு அனுப்பியிருக்கிறோம். கொப்பியிலே அந்த வரியில் சத்தம் என்ற இடம் வெறுமையாயிருக்கிறது. வெட்டு முடியட்டும், ஆறுதலாய்க் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.